ப்ரைமரில் தூசி: தேய்ப்பதற்கு முன் அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள்

24-ல் 1 அளவு மாடல் காரின் கூரையில் 0.1 மி.மீ. தூசி ஒன்று ஒட்டிக்கொண்டது என்று வையுங்கள். கிட்டத்தட்ட ஒரு தலைமுடியின் தடிமன்தான். காரை நிஜ அளவுக்குப் பெரிதாக்கினால் அந்தத் தூசி 2.4 மி.மீ. ஆகிவிடும். பளபளக்கும் பானட்டில் ஒரு கடுகை ஒட்டி வைத்தது போல. ஹாட் வீல்ஸ் மாதிரி 64-ல் 1 வண்டியென்றால் 6.4 மி.மீ., பட்டாணிக்குக் கொஞ்சம்தான் குறைவு. கண்ணுக்குத் தெரியாத சமாசாரம் கலர் அடித்தபிறகு துருத்திக்கொண்டு நிற்பது இதனால்தான். கலருக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான ப்ரைமர் பளபளப்பில்லாமல் இருப்பதால் வெளிச்சத்தைச் சிதறடித்துத் தூசியை மறைத்துவிடும். பளபளப்பான மேல்கோட் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இதில் எல்லாரும் செய்யும் முதல் தப்பு, "மேலே இன்னொரு கோட் கொடுத்தால் மூடிவிடும்" என்று அடிப்பது. மூடாது. பெயின்ட் தூசியைச் சுற்றி ஏறி, கூடாரத் துணி மாதிரி நின்றுகொள்ளும். ஒவ்வொரு கோட்டுக்கும் அடிப்பாகம் அகலமாகும். முதலில் ஒரு புள்ளியாக இருந்தது மூன்று கோட்டுக்குப் பிறகு சின்னப் பரு. தேய்த்தால் சுற்றியுள்ள நல்ல பரப்பையும் சேர்த்துத்தான் தேய்க்கவேண்டி வரும்.

இரண்டாவது தப்பு, எல்லாத் தூசியையும் ஒரே மாதிரி தேய்ப்பது. ப்ரைமருக்கு மேலே விழுந்தது வேறு, உள்ளே புதைந்தது வேறு, ப்ரைமருக்கு அடியிலேயே இருந்தது வேறு. பாதி நேரம் அது தூசியே இல்லை.

பார்க்கும் விதம் இது. ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை பாடிக்கு ஏறக்குறைய படுக்கையாக, பரப்போடு ஒட்டினாற்போல் பிடியுங்கள். மேடாக இருக்கும் எதுவும் நீளமாக நிழல் போடும். கூரை, பானட், டிக்கி மூடி, இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். படுக்கையான பரப்பில்தான் தூசி இறங்கும், கதவுப் பக்கங்களில் அபூர்வம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மாஸ்கிங் டேப்பில் கிள்ளிய சின்னத் துண்டு ஒன்றை ஒட்டி அடையாளம் வையுங்கள். பென்சிலால் வட்டம் போடாதீர்கள், கரி அப்படியே ப்ரைமரின் சொரசொரப்பில் தங்கிவிடும்.

புதுச்சேரி, கடலூர் பக்கத்தில் தூசியின் நிறமே அது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடும். கோரிமேடு, ஆரோவில் மேட்டுப்பக்கமென்றால் செம்மண். கடலூர் மணற்கல் என்று நிலவியல்காரர்கள் பெயர் வைத்திருக்கும் அந்தச் சிவப்புப் பாறை மக்கிய மண்தான் இது. மாவு மாதிரி நைசு, ஜன்னல் இடுக்கு போதும் உள்ளே வர. சாம்பல் ப்ரைமரில் ஆரஞ்சுப் புள்ளியாகத் தெரியும். வைத்திக்குப்பம், தேவனாம்பட்டினம் மாதிரி கடலை ஒட்டிய தெருக்களில் வருவது பருமனான மணல். அது குறைவாக வரும், ஆனால் வந்தால் கட்டி. வெள்ளையாக, நீளமாக, வளைந்து கிடந்தால் அது தூசி இல்லை, துண்டிலிருந்தோ லுங்கியிலிருந்தோ உதிர்ந்த பஞ்சு. சாம்பலாக, தொட்டால் பொடியாகும் செதிலென்றால் பக்கத்தில் ஊதுபத்தியோ கொசுவர்த்தியோ எரிந்திருக்கிறது. மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம் லைட்டைப் போட்டு அடித்தால் ஈசல் இறகுகூட ஒட்டும்.

பருவமும் சொல்லும். ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் காய்ந்த காற்று அம்மியையே பறக்கவிடும் என்பார்கள். செம்மண் தூளுக்கு என்ன கஷ்டம்? ஐப்பசி, கார்த்திகை மழையில் தூசி அடங்கிவிடும், ஆனால் ஈரப்பதம் ஏறி லேக்கர் ப்ரைமர், அதாவது தின்னரில் கரைந்த வகை, வெளுத்துப் பூக்கும், காயவும் மறுக்கும். தை பாதியிலிருந்து மாசி வரைதான் இந்த ஊரில் பெயின்டுக்கு நல்ல காலம். அதற்கு முன்னால் வரும் போகி அன்று, காற்றழுத்தத்தில் பெயின்ட் தெளிக்கும் ஏர்பிரஷைத் தொடவே வேண்டாம், காற்று முழுக்க கரி. நாளுக்குள் பார்த்தால் விடியற்காலை காற்று அசையாது, ஆனால் ஈரப்பதம் அப்போதுதான் உச்சம். மதியவாக்கில் கடற்காற்று எழும்பும். நடுவில், காலை ஒன்பதரையிலிருந்து பதினொன்று பதினொன்றரை வரை, இரண்டு தொல்லையும் குறைவு. ஈரப்பதமானி ஒன்று மேஜையில் இருக்கட்டும். 80 சதவீதத்துக்கு மேல் காட்டினால் லேக்கர் அடிக்காதீர்கள்.

சரி, தூசி விழுந்தாயிற்று. எப்போது கைவைப்பது?

ப்ரைமர் ஈரமாக இருக்கும்போது விரலால் தொடுவது, ஊதுவது, குச்சியால் தள்ளுவது எதுவும் வேண்டாம். விதிவிலக்கு ஒன்றே ஒன்று: நீளமான பஞ்சு, அதன் ஒரு முனை மேலே தூக்கிக்கொண்டு நின்றால், கூர்முனை ட்வீசரால் அந்த முனையை மட்டும் பிடித்து, படுத்திருக்கும் திசையிலேயே இழுத்தெடுத்துவிட்டு மேலே ஒரு மெல்லிய ஈரக் கோட். லேக்கர் ப்ரைமர் தன்னையே கரைத்துக்கொள்ளும் என்பதால் தடம் மூடிவிடும். அதற்கும் முப்பது வினாடிக்குள் செய்யவேண்டும். தாமதித்தால் தோல் கட்டிவிடும், இழுத்தால் பள்ளம் விழும்.

மற்றதெல்லாம் காய்ந்த பிறகுதான். டாமியா ஃபைன் சர்ஃபேஸ் ப்ரைமர், மிஸ்டர் சர்ஃபேசர் போன்ற லேக்கர்கள் பத்து நிமிடத்தில் காய்ந்த மாதிரி இருக்கும். அது தொடுகைக்குக் காய்ந்தது, தேய்க்கக் காய்ந்தது அல்ல. 24 மணி நேரம், மழைக்காலத்தில் 48 மணி நேரம் கொடுங்கள். பாடியை மூக்குக்கு அருகில் கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். தின்னர் வாசனை இருந்தால் இன்னும் சுருங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பாகங்கள் கோத்திருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தின் துண்டுக்கும் அதே நேரத்தில் ப்ரைமர் அடித்து வைத்தால், நகத்தால் கீறிப் பார்க்க அது உதவும். அவசரப்பட்டுத் தேய்த்தால், தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் வாட்டர் பேப்பரில் ப்ரைமர் உருண்டு உருண்டு ஒட்டும், அந்த உருண்டையே புதுக் கீறல் போடும்.

தண்ணீர் அடிப்படை அக்ரிலிக் ப்ரைமர் வேறு ஜாதி. பாலியூரிதேன் கலந்த வலேஹோ ப்ரைமர் போன்றவை பொடியாகத் தேயாது, ரப்பர் தோல் மாதிரி உரியும். ஓரம் ஒருமுறை கிளம்பிவிட்டால் எவ்வளவு தேய்த்தாலும் படி தெரியும். இரண்டு மூன்று நாள் விட்டு, ஈரத்தோடு, மிக லேசாகத் தேயுங்கள். மாடல் காருக்கு லேக்கர் ப்ரைமர்தான் என்று பலர் அடித்துச் சொல்வதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

இனி கருவி. முழு வாட்டர் பேப்பரை விரலில் மடித்துத் தேய்ப்பதுதான் பாடியைக் கெடுக்கும் வேலை. விரல் மிருது, அது தூசியைச் சுற்றி வளைந்து, மேட்டையும் பள்ளத்தையும் ஒன்றாகத் தேய்க்கும், கடைசியில் மேடு மேடாகவே இருக்கும். மேட்டை மட்டும் சீவ, பின்னால் கெட்டியான ஏதாவது வேண்டும். ஐஸ்குச்சியின் முனையை பிளேடால் சதுரமாக வெட்டி, 2000 நம்பர் வாட்டர் பேப்பரிலிருந்து 3 மி.மீ. சதுரத் துண்டு நறுக்கி, ஒரு சொட்டு சூப்பர் க்ளூவில் ஒட்டுங்கள். ஓரங்கள் குச்சிக்கு வெளியே நீட்டக்கூடாது. நீட்டினால் அந்த மூலைதான் கீறும். இந்த மாதிரி ஐந்தாறு குச்சி ஒரே நேரத்தில் செய்துவைத்துக்கொள்ளலாம். 2000 நம்பரில் மணித்துகள் சுமார் 10 மைக்ரான், 1500-இல் 12 முதல் 13 வரை, 1000-இல் 18. கார் பெயின்ட் கடைகளில், அதாவது டிங்கரிங் பட்டறைகளுக்குச் சாமான் போடும் கடைகளில், 1500-உம் 2000-உம் கேட்டால் கிடைக்கும். சாதாரண ஹார்ட்வேரில் கேட்டால் சுவருக்குத் தேய்க்கும் உப்புத்தாளைத்தான் எடுத்து நீட்டுவார்கள்.

ஒரு கிண்ணம் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு. குச்சியைப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள், பேப்பர் விறைப்பு தளரும். குச்சியை பாடிக்குப் படுக்கையாக வைத்து, தூசியின் மேல் 3 மி.மீ. நீளத்துக்கு, ஒரே திசையில், குச்சியின் சொந்த எடையே போதும் என்கிற அழுத்தத்தில் ஐந்து தடவை. துடையுங்கள். டார்ச்சில் பாருங்கள். மறுபடி ஐந்து.

என்ன தெரிகிறது என்பதில்தான் விஷயம். முதல் ஐந்தில் மேட்டின் உச்சி மட்டும் சுற்றியிருப்பதைவிட வெளிறி, மினுக்கென்று ஒரு புள்ளியாகத் தெரியும். அடுத்த ஐந்தில் புள்ளி விரியும். அந்த வெளிறிய வட்டம் முழுக்க ஒரே சாம்பலாக இருந்து, டார்ச் நிழலும் மறைந்துவிட்டால், தூசி மேலே உட்கார்ந்திருந்தது, போய்விட்டது. வட்டத்தின் நடுவில் ஆரஞ்சோ கறுப்போ ஊசிமுனைப் புள்ளி தெரிந்தால் தூசி ப்ரைமருக்குள் புதைந்திருக்கிறது; நீங்கள் அதைப் பாதியாக வெட்டியிருக்கிறீர்கள். நடுவில் வெள்ளையோ, பாடியின் பிளாஸ்டிக் எந்த நிறமோ அந்த நிறமோ தெரிந்தால், அது தூசியே இல்லை: பிளாஸ்டிக்கிலேயே இருந்த மேடு, அல்லது முன்பு தெறித்த பசைச் சொட்டு. ப்ரைமரைக் குறை சொல்லிப் பயனில்லை.

மேலே உட்கார்ந்ததென்றால் வேலை ஏறக்குறைய முடிந்தது. கெட்டிக் குச்சி போட்ட தட்டையான வட்டத்தின் ஓரத்தை, 2500 நம்பர் ஸ்பாஞ்சாலோ, மிருதுவான அழிரப்பரில் சுற்றிய 2000 பேப்பராலோ நாலு தடவை சுற்றிக் கலைத்துவிடுங்கள். சீவுவதற்குக் கெட்டி, கலைப்பதற்கு மிருது. இதை மாற்றிச் செய்தால்தான் அலை அலையாக வரும்.

புதைந்த தூசி கொஞ்சம் வம்பு. ஊசிமுனையால் அதை நெம்பி எடுக்கலாம், குழி விழும். அப்படியே விட்டால் என்ன என்று கேட்டால், செம்மண் துகள் என்றால் பெரும்பாலும் விடலாம், மட்டமாகிவிட்டால் கலர் மூடிக்கொள்ளும். பஞ்சு என்றால் விடக்கூடாது. பஞ்சு தின்னரை உறிஞ்சும், அடுத்த கோட்டில் உப்பி மறுபடி எழும். நெம்பிய குழியை நிரப்ப மிஸ்டர் சர்ஃபேசர் 500 ஒரு சொட்டை பல்குத்தும் குச்சியின் முனையால் வையுங்கள், பரப்பைவிடச் சற்று மேடாகவே. காயும்போது அது சுருங்கும், அதனால் மட்டமாக நிரப்பினால் மறுநாள் பள்ளமாகத்தான் இருக்கும். அந்த பாட்டில் இல்லையென்றால், ஸ்ப்ரே கேன் ப்ரைமரையே ஒரு மூடியில் அடித்து, வாயு குமிழ் அடங்கும்வரை விட்டு, தேன் பதம் வந்ததும் அதே மாதிரி வைக்கலாம். 24 மணி நேரம் கழித்து 1000 போட்ட குச்சி, பிறகு 1500, பிறகு 2000.

தேய்த்ததில் பிளாஸ்டிக் தெரிந்துவிட்டால் பதறவேண்டாம். அந்த இடத்துக்கு மட்டும், ஓரம் கலைந்த பிறகு, மெல்லிய ஒரு கோட் ப்ரைமர். ஆனால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை அடிக்கப்போகிறீர்கள் என்றால் பானட் முழுவதற்குமோ கூரை முழுவதற்குமோ ஒரு கோட் கொடுங்கள். இந்த நிறங்கள் அடியை மறைக்கும் சக்தி குறைந்தவை. திட்டு திட்டாக அடித்த ப்ரைமரின் நிற வித்தியாசம் மேலே தெரியும். பதினைந்து இருபது தூசிக்கு மேல் எண்ணினால் ஒவ்வொன்றாகப் போராடாமல் பாடி முழுவதையும் 1500-இல் ஈரத்தோடு சமமாகத் தேய்த்து மறுபடி ஒரு கோட் அடிப்பதுதான் நேர மிச்சம். கதவு ஓரம், மட்கார்டு விளிம்பு, கூரைத் தூணின் முகடு, இந்த இடங்களில் குச்சியை வைக்கவே வேண்டாம். இரண்டே தடவையில் ப்ரைமர் போய்விடும். கம்பெனிப் பெயர் புடைப்பாக வார்த்திருக்கும் இடத்தில் பல்குத்தும் குச்சியின் நுனி மட்டும்.

தேய்த்த சகதி கதவு இடுக்குக் கோடுகளில் போய்த் தங்கும். ஈரத்தில் தெரியாது, காய்ந்ததும் வெள்ளைப் பொடி, அடுத்த கோட்டுக்கு அதுவே தூசி. பழைய மிருதுவான டூத்பிரஷ், ஓடும் தண்ணீர். கழுவிய பிறகு துண்டால் துடைக்காதீர்கள். உதறிவிட்டு, கவிழ்த்த பிளாஸ்டிக் பேசினுக்கு அடியில் இரண்டு மூன்று மணி நேரம் தானாகக் காயட்டும். கோடுகளுக்குள் நிற்கும் ஒரு சொட்டுத் தண்ணீர், நீங்கள் ஸ்ப்ரே செய்யும்போதுதான் வெளியே வரும்.

தூசி போலவே இருக்கும், தூசி இல்லாத மூன்று விஷயம்:

பரப்பு முழுக்க ஒரே சீராகக் குருணை குருணையாக, மணல் தாள் மாதிரி இருந்தால் அது உலர் ஸ்ப்ரே. துளி பாடியில் விழுவதற்கு முன்பே காற்றில் காய்ந்துவிட்டது. கத்திரி வெயிலில், 35 டிகிரி அறையில், கேனை 30 செ.மீ. தள்ளிப் பிடித்தால் இதுதான் வரும். 15 முதல் 20 செ.மீ.க்கு வாருங்கள். ஏர்பிரஷ் என்றால் சாதாரண லேக்கர் தின்னருக்குப் பதில் மெதுவாகக் காயும் மிஸ்டர் லெவலிங் தின்னரை பெயின்ட் ஒன்றுக்கு இரண்டு பங்கு சேர்த்து, காற்றழுத்தம் 15 முதல் 20 பி.எஸ்.ஐ.

ப்ரைமரின் நிறத்திலேயே, வெட்டினாலும் உள்ளே அதே நிறமாக இருக்கும் உருண்டைகள் பெயின்ட் கட்டிகள். கேனை இரண்டு நிமிடம் முழுசாகக் குலுக்கவில்லை, அல்லது வாயில் காய்ந்தது பிய்த்துக்கொண்டு வந்தது. ஒவ்வொரு முறையும் முதல் பீச்சலைப் பழைய காகிதத்தில் அடியுங்கள்; முடித்ததும் கேனைத் தலைகீழாகப் பிடித்து வெறும் வாயு வரும்வரை அழுத்துங்கள். ஏர்பிரஷ் பெயின்டை நைலான் ஸ்டாக்கிங் துண்டில் வடிகட்டலாம். டீ வடிகட்டியின் கண் பெரிது.

மேடாக இல்லாமல் சின்னச் சின்ன வட்டப் பள்ளமாக, பெயின்ட் விலகி நின்றால் ஃபிஷ் ஐ. எண்ணெய். தலையில் தேங்காய் எண்ணெய் வைத்த கையோடு பாடியைத் தூக்கினால் போதும். டாஷ்போர்டு பாலிஷில் இருக்கும் சிலிகான் இன்னும் மோசம், அதே அறையில் அடித்தாலே வந்துவிடும். மேலோட்டமாகத் தேய்த்துப் பயனில்லை, அந்தப் பகுதியில் ப்ரைமரையே முழுக்கத் தேய்த்தெடுத்து, சோப்பில் கழுவி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் லேசாகத் துடைத்து மறுபடி அடிக்கவேண்டும். ஏர்பிரஷுக்குக் காற்று தரும் கம்ப்ரசரின் குழாயிலிருந்து தண்ணீர் துப்பினாலும் இதே மாதிரி பள்ளம் வரும். இந்தக் கடற்கரைக் காற்றில் காற்றின் ஈரத்தைப் பிடித்துவைக்கும் மாய்ஸ்சர் ட்ராப் இல்லாத கம்ப்ரசர் அரை மணி நேரத்தில் தண்ணீர் கக்க ஆரம்பிக்கும்.

துடைக்கிறேன் பேர்வழி என்று யாராவது ஹார்ட்வேர் கடை என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரை எடுத்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். அது மாடல் பாடியின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனையே கரைக்கும். நிஜ கார்களுக்கான என்.சி. ப்ரைமரும் அப்படித்தான்: பிளாஸ்டிக் பாடியில் அடித்தால் வரி வரியாக வெடிப்பு விழும். ஹாட் வீல்ஸின் பெயின்ட் நீக்கிய உலோக பாடிக்கு அதே ப்ரைமர் தாராளமாகச் சரி, ஆனால் ஜன்னலையும் அடித்தட்டையும் கழற்றிய பிறகு.

அடுத்த முறை தூசி குறைய, வேலையைத் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே மின்விசிறியை நிறுத்துங்கள், அதன் இறக்கையில்தான் வீட்டின் பாதித் தூசி இருக்கிறது. தரையை ஈரத்துணியால் துடையுங்கள். பாடியைக் காய்ந்த துணியால் தேய்க்காதீர்கள். தேய்த்தால் பிளாஸ்டிக் மின்னேற்றம் பிடித்துத் தூசியை இழுக்கும். கடலோர ஈரக் காற்றில் அது சீக்கிரம் அடங்கிவிடும், ஏ.சி. அறையில் அடங்காது. அட்டைப்பெட்டிக்குள் வைத்து அடிப்பவர்கள் உள்பக்கம் பாலித்தீன் ஒட்டி, அதன்மேல் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள்; அட்டையே நார் உதிர்க்கும். அடித்து முடித்த முதல் ஐந்து பத்து நிமிடம்தான் ஆபத்து. உள்பக்கம் ஈரத்துணியால் துடைத்த பேசினைக் கவிழ்த்து, விளிம்புக்கு அடியில் நாலு தீக்குச்சி வையுங்கள். தின்னர் ஆவி வெளியேற அந்த இடைவெளி தேவை. தூசிக்குப் பயந்து ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு லேக்கர் அடிப்பதும் கூடாது. வெளியே இழுக்கும் எக்ஸாஸ்ட் இல்லையென்றால் பால்கனியில் அடித்து, மூடி, உள்ளே கொண்டுவாருங்கள். முகத்துக்கு ரசாயன ஆவி வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க். துணி மாஸ்க் தூசியைத்தான் தடுக்கும். பக்கத்தில் அடுப்பு, சாமி விளக்கு எதுவும் எரியக்கூடாது.

இவ்வளவும் செய்து, டார்ச் வெளிச்சத்தில் பானட்டில் இன்னும் மெல்ல ஒரு நிழல் தெரிகிறது, மனசு வரவில்லை என்றால், சில்வர் அடிக்கத் திட்டமிட்டதை மாற்றி சாதா நிறம் அடியுங்கள். மெட்டாலிக்கில் அலுமினியச் செதில்கள் மேட்டின் சரிவில் சாய்ந்து படுத்து, தூசியைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம் போடும். அதே மேடு கிரீம் நிறத்தில் அவ்வளவாகத் தெரியாது.